அம்மாவுக்கு டிபி இல்லை, ஆனால் டிபி மாத்திரை போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடிக்காரி:

வணக்கம். அம்மாவுக்கு வயது 56. ஏழு வருடமாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், எங்கள் பக்கம் முடக்குவாதம் என்பார்கள். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட், தினமும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 மி.கி. என்று போய்க்கொண்டிருந்தது. போன வருடம் வரை சமாளித்துவிட்டார். இப்போது காலையில் எழுந்தால் முதல் ஒன்றரை மணி நேரம் விரல் மடங்குவதே இல்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் காபி குடிக்கிறார். இருபது வருடமாகப் பூக்கட்டி எங்களை வளர்த்த கை அது, பார்க்கவே முடியவில்லை.

டாக்டர் அடலிமுமாப் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று போடலாம் என்றார். அதற்கு முன்னால் டிபி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று முன்கையில் மான்டூ ஊசி போட்டு மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். நர்ஸ் பால்பாயிண்ட் பேனாவால் தடிப்பின் இரண்டு ஓரத்திலும் கோடு போட்டு, சின்ன ஸ்கேலை வைத்து அளந்து 14 மி.மீ. என்று எழுதினார். நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. ஆனாலும் ஐசோநியாசிட் என்ற டிபி மாத்திரையை ஆறு மாதம் போட வேண்டும், ஒரு மாதம் போட்ட பிறகுதான் ஊசி என்கிறார்.

வீட்டில் பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. நோயே இல்லாதவருக்கு எதற்கு டிபி மாத்திரை, ஈரல் கெட்டுவிடும் என்கிறார் பெரியப்பா. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், டிபி மாத்திரை சாப்பிடுகிற வீடு என்று ஊரில் பேச்சு வந்தால் என்ன செய்வது என்கிறார் அத்தை. ஊசியால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்று டாக்டரே சொல்வதால், கபசுரக் குடிநீரும் சீந்தில் பொடியும் கொடுத்து அதை ஏற்றிக்கொண்டால் போதாதா என்று இன்னொரு யோசனை. ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு நாலைந்து வயது இருக்கும்போது அப்பத்தாவுக்கு டிபி வந்து எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். அம்மாதான் கூட இருந்து எல்லாம் செய்தார். அதெல்லாம் முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? இந்த மாதிரி மருந்து எடுத்தவர்கள், வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மதுரை கிட்னி 2016:

சகோதரி, நான் டாக்டர் இல்லை. 2016-ல் எங்கள் அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்கிறவன். அந்தக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பை அடக்கும் மருந்துகள், டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரட்னிசோலோன் மூன்றும் இன்றுவரை ஓடுகிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீங்கள் தடுக்கப் போகிற அந்த நோய் எனக்கு வந்தது.

அறுவை முடிந்து மூன்றாவது வருடம். முதல் ஆறு மாதம் இருந்த பயமெல்லாம் போய், மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும், தெர்மாமீட்டரில் 99.6, 100, அதற்கு மேல் ஏறாது. பெரிய காய்ச்சலாக வந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன், ஒரு ஆன்டிபயாடிக், அது முடிந்ததும் இன்னொன்று, அப்புறம் வைட்டமின், இப்படியே மூன்று வாரம் போயிற்று. அதற்குள் ஆறு கிலோ இறங்கிவிட்டேன். ஒருநாள் ஷேவ் செய்யும்போது கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி விரலில் பட்டது. ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள். நெறிக்கட்டி டிபி.

எனக்கும் இருமல் இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எங்கள் டாக்டர் சொன்னது அப்படியே மனதில் இருக்கிறது: நமக்கு நோய் காய்ச்சலோடும் சத்தத்தோடும் வராதுப்பா, சத்தம் போடுகிற ஆளையே நாம் மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம் என்றார். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும், வீக்கத்தையும் அமுக்கிவிடும். அதனால் சின்னக் காய்ச்சலும் நமக்குப் பெரிய காய்ச்சல்தான்.

வந்த பிறகு வைத்தியம் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறேன். டிபி மருந்துகளில் முக்கியமானது ரிஃபாம்பிசின். அது ஈரலில் போய் டாக்ரோலிமஸைச் சீக்கிரம் சிதைத்துவிடும். எனக்கு ரத்தத்தில் 7 இருந்த டாக்ரோலிமஸ் அளவு பத்தே நாளில் 2-க்கு வந்துவிட்டது, கிட்னி தளர்ந்தால் ஏறுகிற கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.9-க்கு ஏறிவிட்டது, அம்மா கொடுத்த கிட்னி போய்விடுமோ என்று அன்றைக்குப் பட்ட பயத்தை எழுத வராது. அப்புறம் ரிஃபாபுட்டின் என்று மாற்றி, டாக்ரோலிமஸையும் கூட்டி, வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை என்று ஒரு வருடம் ஓடியது. கிட்னி பிழைத்தது. ஆனால் நீங்கள் சொல்கிற ஆறு மாதம், ஒரே ஒரு மாத்திரை என்பதை அன்றைக்கு யாராவது என் கையில் கொடுத்திருந்தால் கண்ணில் ஒற்றி வாங்கியிருப்பேன்.

வரன் விஷயம் எனக்குப் புரிகிறது. அம்மாவிடம் தொற்றுகிற நோய் எதுவும் இல்லை, தட்டு டம்ளர் தனியாக வைக்க வேண்டியதில்லை. மாத்திரையின் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

வாத மருத்துவர்:

மூட்டுவாதப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எழுதுவதால் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையதுதான். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் சரியான வழியில்தான் போகிறார்.

அப்பத்தா கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, நேரடியான சம்பந்தம். அன்றைக்கு அம்மா மூச்சில் போன கிருமியை உடம்பு கொல்லவில்லை, சிறை வைத்திருக்கிறது. ரத்த அணுக்கள் கிருமியைச் சுற்றி நெருக்கமாக நின்று ஒரு மதில் கட்டும், கிரானுலோமா என்போம். அந்த மதில் இடியாமல் நிற்க டிஎன்எஃப் என்ற பொருள் உடம்பில் சுரந்துகொண்டே இருக்க வேண்டும். அம்மாவின் விரலை வீங்க வைப்பதும் அதே டிஎன்எஃப்தான். அடலிமுமாப் அதைக் கட்டிப்போடும். மூட்டு வீக்கம் வடியும், முப்பது வருடம் நின்ற மதிலும் தளரும். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற இதே வகை ஊசி போட்டவர்களில் 70 பேருக்கு டிபி வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு வந்த அறிக்கைகளைத் தொகுத்து 2001-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்று ஊசிக்குள் வந்திருந்தது, பாதிப் பேருக்கு மேல் நுரையீரலுக்கு வெளியே. ஊசிக்கு முன்னால் டிபி பார்ப்பது உலகம் முழுக்க வழக்கமானது அதற்குப் பிறகுதான். உலகத்தில் டிபி வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது நாம் இதை விட்டுவிட முடியாது.

மான்டூ விஷயத்தில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும், சின்ன வயதில் பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டதால்கூட தடிக்கலாமே என்று. தடிக்கலாம்தான். அந்தக் குழப்பம் இல்லாமல் பார்க்க ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் அம்மா ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் எடுக்கிறார், எதிர்ப்பு அடங்கிய உடம்பில் 5 மி.மீ. தடித்தாலே நாங்கள் பாசிட்டிவ் என்றுதான் எடுப்போம். 14 தடித்திருக்கிறது, வீட்டிலேயே டிபி நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரியப்பா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஐசோநியாசிட் சிலருக்கு ஈரலைத் தாக்கும், மெத்தோட்ரெக்ஸேட்டும் ஈரலைத் தொடுகிற மருந்து, இரண்டும் சேர்கிறது. அதனால் ஆரம்பிக்கும் முன் ஒரு ஈரல் பரிசோதனை, அப்புறம் டாக்டர் சொல்கிற இடைவெளியில் தவறாமல் அடுத்தடுத்தவை. சாப்பாடு பிடிக்காமல் போவது, விடாத குமட்டல், சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, இதில் ஏதாவது வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். கை கால் மதமதப்பு வராமல் இருக்க பைரிடாக்ஸின் கூடவே கொடுப்பார்கள், அது சும்மா வைட்டமின்தானே என்று விட்டுவிட வேண்டாம். இந்தத் தடுப்பு மாத்திரை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கும்.

கபசுரக் குடிநீர், சீந்தில் பற்றிக் கேட்டீர்கள். அம்மாவுக்கு வந்தது எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்த நோய் இல்லை. அது தப்பான இடத்தில் வேலை செய்கிறது, அதுதான் நோயே. அதை மேலும் தூண்டுகிற பொருள் வேலை செய்தால் மூட்டுக்குக் கெடுதல், வேலை செய்யாவிட்டால் காசுக்குக் கெடுதல். சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், அதில் சிலருக்கு உடம்பு தன்னையே தாக்கும் நோய் முன்பே இருந்தது. ஐசோநியாசிட் போடுகிற ஆறு மாதத்தில் இது மட்டும் கண்டிப்பாக வேண்டாம்.

இன்னொன்று, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை எடுத்துவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் டிபி மாதிரியே பதுங்கியிருந்து இந்த மருந்துகளின்போது எழுந்து வரும்.

பனியன் ஊர்க்காரன்:

டாக்டர் ஐயா எழுதியது நல்ல தகவல். டிபி மட்டும் இல்லை என்பதற்காக என் மனைவிக்கு நடந்ததையும் போட்டுவைக்கிறேன், இதே மருந்துகளில் இருப்பவர்கள் பிறகு வந்து படிக்கலாம்.

2022. அவளுக்கு லூபஸ், அதுவும் உடம்பு தன்னையே தாக்கும் நோய்தான், சிறுநீரில் புரதம் கொட்டியது. நரம்பு வழியாக ஸ்டீராய்டு, எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, வீட்டுக்கு வரும்போது பிரட்னிசோலோன் 50 மி.கி. மொத்தம் பதினோரு வகை மாத்திரை. அதில் கோ-டிரைமாக்சசோல் என்று ஒன்று, ஒன்றுவிட்டு ஒருநாள். சீட்டில் எழுதியிருந்தார்கள், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வயிற்றைப் பிரட்டுகிறது, எதையாவது குறைக்கிறேன் என்று அவளாகவே நிறுத்தியது அதைத்தான். மற்றதெல்லாம் நோய்க்கு, இது ஏதோ ஆன்டிபயாடிக்தானே என்று நானும் சரி என்றுவிட்டேன்.

ஆறாவது வாரம் வறட்டு இருமல். சளி இல்லை. மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். ஒரு மருத்துவமனையில் ஸ்டெத் வைத்துப் பார்த்து நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, ரத்தம் குறைவு, அதனால் மூச்சு வாங்குகிறது என்று அனுப்பிவிட்டார்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் கிடந்தது. உட்கார்ந்திருக்கும்போது மாட்டினேன், 96. மனசு கொஞ்சம் ஆறியது. அப்படியே விரலில் வைத்துக்கொண்டு ஹாலில் இருந்து அடுப்படி வரை நாலு தடவை நடக்கச் சொன்னேன். 93, 90, நாலாவது தடவை திரும்பும்போது 86. அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரியே கோவைக்கு ஓடினோம். சிடியில் இரண்டு நுரையீரலும் தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது. குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. நம் எல்லோர் மூச்சிலும் வந்து போகிற கிருமிதானாம், சாதாரண ஆளை ஒன்றும் செய்யாது, வாய்ப்புக் கிடைத்தால்தான் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் சந்தர்ப்பவாதத் தொற்று என்று பெயர் என்று ஒரு பயிற்சி மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். வைத்தியம் எது தெரியுமா? அதே கோ-டிரைமாக்சசோல், பல மடங்கு அளவில், 21 நாள். ஐந்து நாள் ஐசியு. நாங்கள் நிறுத்திய மாத்திரை ஒன்று சில ரூபாய்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சீட்டில் இருக்கிற ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக, இது எதற்கு என்று டாக்டரையே கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

வாத மருத்துவர்:

பனியன் ஊர்க்காரருக்கு நன்றி, நடக்க வைத்துப் பார்த்தீர்களே, அதுதான் உங்கள் மனைவியைக் காப்பாற்றியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் கோ-டிரைமாக்சசோல் வாங்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக உடனே எழுதுகிறேன். போடிக்காரி, முக்கியமாக உங்களுக்கு. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறவர்களுக்கு அந்த மாத்திரை ஆபத்து. இரண்டுமே ஃபோலிக் ஆசிட்டை மறிக்கிற மருந்துகள். சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், வெள்ளணு, தட்டணு எல்லாம் சரியும், உயிரே போயிருக்கிறது. சிறுநீர்க் கடுப்பு என்று பக்கத்துக் கிளினிக்கில் காட்டினாலும், அவர்கள் பேனாவை எடுக்கும் முன் மெத்தோட்ரெக்ஸேட் என்ற பெயரைச் சொல்லிவிடுங்கள்.

பழைய லேப் ஆள்:

முப்பத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் நுரையீரலையே பேசுகிறீர்கள், நான் வயிற்றைப் பற்றி ஒன்று சொல்கிறேன். போடிப் பக்கம் என்றால் தோட்டம், வயல் வேலை இருந்திருக்கும். அம்மா செருப்பில்லாமல் மண்ணில் நடந்தவரா?

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று ஒரு புழு. ஈர மண்ணிலிருந்து காலின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மற்றப் புழு மாதிரி வயதாகிச் செத்துப்போகாது, குட்டி போட்டு அதே உடம்பையே திரும்பத் துளைத்து உள்ளே போய் பத்து வருடம், முப்பது வருடம் ஓட்டும். இரண்டாம் உலகப் போரில் சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன பிரிட்டிஷ் கைதிகளை, போர் முடிந்து முப்பது வருடத்துக்கு மேல் கழித்து லிவர்பூலில் சோதித்தபோது அந்தப் புழு அவர்கள் வயிற்றில் உயிரோடு இருந்தது. அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள், அவர்களை அப்படிக் கூப்பிட்டுச் சோதிக்க யாரும் இருக்கவில்லை, அதை நினைக்காமல் இந்தப் புழுவின் பெயரை என்னால் சொல்ல முடியாது.

அது சும்மா இருக்கும்வரை லேசான வயிற்றுவலி, தோலில் அரிப்பு, அவ்வளவுதான். அதிக ஸ்டீராய்டு உள்ளே போனால் கட்டவிழ்த்துவிட்ட மாதிரி பெருகும். ஆஸ்துமாவுக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த ஒரு விவசாயியின் சளி எங்களிடம் வந்தது, டிபி பார்க்கச் சொல்லி. சாயம் ஏற்றும் முன்னால் ஏதோ தோன்றி அப்படியே ஒரு துளியை வைத்துப் பார்த்தேன். வட்டத்துக்குள் நெளிந்துகொண்டு போயிற்று, ஒன்று, அப்புறம் இன்னொன்று. சளியில் புழு. மாடியேறி ஓடிப்போய் வார்டு டாக்டரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டினேன். அதற்குள் குடல் பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிட்டது. அந்த மனிதர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் மருத்துவமனையில் நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆரம்பிக்கும் முன் மலப் பரிசோதனை கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு தடவை பார்த்து இல்லை என்றால் நம்ப வேண்டாம், இரண்டு மூன்று நாள் மாதிரி கொடுங்கள். இருந்தால் ஐவர்மெக்டின், சில மாத்திரைகளில் முடிகிற வேலை.

போடிக்காரி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஐயா, அம்மா பதினைந்து வருடம் ஏலத் தோட்டத்துக்கு வெறுங்காலோடு போனவர்தான். டாக்டரிடம் கேட்டதில் மலப் பரிசோதனைக்கு மூன்று நாள் மாதிரி கொடுக்கச் சொல்லிவிட்டார், ஹெபடைட்டிஸ் பி ஏற்கெனவே எடுத்து நெகட்டிவ். நிமோனியா தடுப்பூசியும் ஃப்ளூ ஊசியும் அடலிமுமாபுக்கு முன்னாலேயே போட்டுவிடலாம், உயிருள்ள கிருமி வைத்த தடுப்பூசிகள் மட்டும் ஊசி ஆரம்பித்த பிறகு கூடாது என்றார்.

மதுரை அண்ணா எழுதியதை பெரியப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். கழுத்துக் கட்டி வந்த இடத்தில் திரும்பப் படி என்றார். அப்புறம் எதுவும் சொல்லவில்லை, மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அவரே பைக்கில் போய் மாத்திரை வாங்கி வந்தார். திங்கட்கிழமை ஆரம்பித்தோம். மூடியை அம்மாவால் திருக முடியாததால் வாரத்துக்கு உள்ளதைப் பிரித்து ஏழு சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன், வியாழக்கிழமைக் கிண்ணத்தில் மட்டும் மெத்தோட்ரெக்ஸேட்.

ஒரே ஒரு கேள்வி. வெறும் வயிற்றில் போடச் சொன்னார்கள். போட்டு அரை மணி நேரத்தில் குமட்டுகிறது என்கிறார், காலைச் சாப்பாடு இறங்கியதும் சரியாகிவிடுகிறது. இது ஈரல் குமட்டலா, சாதாரணக் குமட்டலா?

வாத மருத்துவர்:

வெறும் வயிற்றில் போட்டால் நன்றாக உறிஞ்சும் என்பதால் அப்படிச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம், மாத்திரையை நிறுத்துவதைவிட அது மேல். பசி நன்றாக எடுக்கிறது, சாப்பிட்டதும் சரியாகிறது என்றால் பெரும்பாலும் வயிற்றுக் குமட்டல்தான். ஆனாலும் இது முதல் வாரம். நாள் முழுக்க நீடித்தாலோ, சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்றாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். டாக்டரிடமும் இந்தக் குமட்டலை நாளைக்கே ஒரு போன் செய்து சொல்லிவையுங்கள்.